இரண்டு இடது கண்கள்

ஆடி பிறந்தால் எங்களுக்கு உறக்கம் கிடையாது.
அஞ்சு ரோட்டுக்குப் பின்சந்தில் ஃப்ளெக்ஸ் கடை.
பதினாலு ஆர்டர், எல்லாம் அம்மன்,
நடுவில் ஒரு காதுகுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி.
அஞ்சலிக்காரரிடம் முன்பணம் கேட்கக் கூடாது
என்பது மாதேஸ் அண்ணனின் ஒரே கொள்கை.

அஸ்தம்பட்டி விழாக் குழு
வாட்ஸப்பில் அனுப்பிய படம் தீப்பெட்டி அளவு.
இருபதடிக்கு இழுத்தால்
அம்மனின் முகம் சதுரம் சதுரமாக உடைகிறது,
கண் இருந்த இடத்தில் ஆறு கறுப்புக் கட்டம்.
"கண்ணுதான் முக்கியம் சிஸ்டர், பாத்தா பேசணும்"
என்றுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

இரவு ஒன்றரை.
தேடிக் கிடைத்த கண்ணெல்லாம்
யாரோ நடிகையின் கண்.
போனைத் தூக்கி, டியூப்லைட்டுக்கு நேரே நின்று
என் இடது கண்ணை எடுத்தேன்.
வலது கண்ணில் அன்று கட்டி.
அதனால் இடதையே திருப்பிப் போட்டு
வலதாக்கினேன்.
மை தீட்டினேன். வெள்ளையில் சிவப்பேற்றப் போனால்
சிவப்பு ஏற்கெனவே இருந்தது.
ஃபைலுக்குப் பெயர்: அம்மன் ஃபைனல் ஃபைனல் நாலு.

மெஷின் உச்சியிலிருந்து இறங்கியது.
கிரீடம், குங்குமம், புருவம்,
பிறகு நான்.
காயாத மையின் வாசனையில்
கை தானாக எழுந்து
நெற்றிக்குப் போய், நெஞ்சுக்குப் போய்,
இடது தோளில் நின்றுவிட்டது.
யாருக்குப் போடுகிறேன் இந்தச் சிலுவையை?

ஏற்காட்டில் எஸ்டேட் லைன் வீடு.
ஞானஸ்நானத்தில் லூசியா,
சான்றிதழில் தவமணி.
ஒன்று சாமியாருக்கு, ஒன்று தாசில்தாருக்கு
என்பார் அப்பா, சிரிக்காமல்.
இதில் பொய் எது என்று கேட்டவர்களிடம்
மிளகுக் கூடையை எந்தப் பெயர் சுமந்தது என்று
திருப்பிக் கேட்டிருக்கலாம்.
கேட்டதில்லை.

மலைமேல் எங்கள் கோயிலில்
(நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம்)
லூசியம்மாள் ஒரு தட்டில்
தன் கண்கள் இரண்டையும் ஏந்தி நிற்பாள்.
புதுநன்மை வாங்கும் வயதுவரை
அது நுங்கு என்று நினைத்திருந்தேன்.
தட்டில் கண் இருக்க
முகத்திலும் கண் எப்படி என்று
உபதேசியாரைக் கேட்டு முட்டி போட்டேன்.

ஞாயிறு. ஏற்காடு பஸ். அஸ்தம்பட்டி சிக்னல்.
வேப்பிலைத் தோரணத்துக்கு நடுவே இருபதடி.
கூழ் வாளியை இறக்கி வைத்து
செருப்பை விட்டு ஒருத்தி
கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
உதடு அசைந்தது.
என்ன கேட்டாள் என்று தெரிவதற்குள்
பச்சை விழுந்துவிட்டது.

இருபது கொண்டை ஊசி வளைவிலும் அதே நினைப்பு.
என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்,
நான் யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது?
பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வாயெடுத்து
நாத்தனாரிடம் சண்டை போட்டதைச் சொன்னேன்.
மூன்று அருள்நிறை மந்திரம் கிடைத்தது.
ஒன்றை அந்தக் கூழ்க்காரிக்கு வைத்தேன்.

ஐப்பசி மழை.
நாலு ரோட்டில் தட்டுவடை செட் வண்டி.
கூரையாக எங்கள் பழைய ஃப்ளெக்ஸ்,
அச்சுப் பக்கம் உள்ளே.
பீட்ரூட் துருவல், கேரட், இரண்டு நிறச் சட்னி,
மழைக்கு ஒதுங்கிய டெலிவரிப் பையன்,
எல்லோரையும் பார்த்தபடி
இரண்டு இடது கண்கள்.
ஒன்றின் ஓரத்தில் ஓட்டை. சொட்டுகிறது.

"கண்ணப் பாருங்க, அப்படியே உசுரோட" என்றார் வண்டிக்காரர்.
"இதக் கட்டுன நாள்லேர்ந்து யாவாரம் தேவலைங்க."
நாற்பது ரூபாய் போட்டேன்.
போனில் வந்த பெயரை அவர் இரண்டு முறை படித்தார்.
"தவமணியா? லூசின்னுதானே உங்களக் கூப்பிடுவாங்க?"
"ரெண்டும்தான்."
"சரி" என்று
சொட்டுகிற இடத்துக்கு நேரே
ஒரு டம்ளரை நகர்த்தி வைத்தார்.

காரம் இன்று கொஞ்சம் கூட.